கணக்கில் வராத மூச்சு

அத்தியாயம் 7

"இங்கேருங்க, அந்த நர்சம்மாகிட்ட சொல்லுங்க. கையைக் கழுவிட்டு உங்களைத் தொடச் சொல்லுங்க."

பேச்சித்தாய் கணவனைப் பார்த்துத்தான் சொன்னாள். 'அந்த நர்சம்மா' கட்டிலுக்கு இரண்டடி தள்ளி, ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"கழுவியாச்சுன்னு சொல்லுங்க அண்ணாச்சி. முழங்கை வரைக்கும் கழுவியாச்சு" என்றாள் ராஜேஸ்வரி.

ஒன்பதாம் நம்பர் கட்டிலில் மாவுக்கட்டுக் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருந்த ஆறுமுகச்சாமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காலு ஒடிஞ்சு கெடக்கவனை ரெண்டு பேரும் சேந்து போன் கம்பியா ஆக்குதீங்களே. இங்கனக்குள்ளதான நிக்கீங்க? நேரா பேசுனா நாக்கு சுளுக்கிக்கிடுமா?"

பதில் சொல்வதென்றால் அவர்கள் இருவரும் பேசியாக வேண்டுமே.

ஆறு மாதமாக இதே கதைதான். முப்பத்தொரு வயதில், மகள் அபிதாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய கையோடு தானும் நர்சிங் பள்ளியில் சேரக் கிளம்பினாள் ராஜேஸ்வரி. செய்தி கேட்ட அன்றே அவள் கணவன் வேல்ராஜின் அக்கா பேச்சித்தாய், பனவடலிசத்திரத்திலிருந்து பஸ் ஏறி வந்து நடுவீட்டில் நின்றாள்.

"ஊரான் மூத்திரம் அள்ளவா என் தம்பி உன்னைக் கட்டுனான்?"

ராஜேஸ்வரிக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "நாளைக்கு நீங்க படுத்தாலும் நான்தான மதினி அள்ளணும்" என்றுவிட்டாள்.

ஆறுதலுக்குச் சொன்னாளா, குத்திக்காட்டச் சொன்னாளா என்பது அவளுக்கே இன்றுவரை தெளிவில்லை. பேச்சித்தாய்க்கு அதில் சந்தேகமே இல்லை. அது சாபம். 'நான் படுக்கணும்னு சொல்லிட்டா' என்று ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அன்றோடு பேச்சு நின்றது.

நிற்பதற்கு முன்னால் ராஜேஸ்வரி இன்னொரு வார்த்தையும் விட்டிருந்தாள், வேல்ராஜைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு. "முதல் வருசத்துல ஒரே ஒரு டெஸ்ட்ல பெயிலானாலும் யூனிபார்மைக் கழட்டி வச்சிட்டு வீட்டோட இருந்துடுதேன்."

அவளுடைய முதல் வார்டு டெஸ்ட் இன்றைக்கு.

டிராக்டரிலிருந்து இறங்கும்போது வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டு ஆறுமுகச்சாமி இங்கே வந்து சேர்ந்து மூன்று நாள். காலையில் டெஸ்டுக்குக் கட்டில் நம்பர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கினார்கள். ராஜேஸ்வரி பிரித்த சீட்டில் ஒன்பது என்று இருந்தது. இரவும் பகலும் கணவனுக்குத் துணையிருக்கும் பேச்சித்தாய், பரீட்சையைப் பார்க்க முதல் வரிசையில் இடம் பிடித்தவள்போல, கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஆரம்பிக்கலாமா அக்கா... ம்... ராஜேஸ்வரி?"

எபினேசர் சார் எப்போதும் இந்த இடத்தில் தடுக்குவார். பயிற்றுநர்தான், வயது இருபத்தேழு. மாணவி தன்னைவிட நாலு வயது மூத்தவள் என்பது அவருக்கு அடிக்கடி மறந்து, அடிக்கடி ஞாபகம் வரும். மார்க் போடும் பேனாவுக்கு மட்டும் அந்தச் சங்கடம் கிடையாது.

ராஜேஸ்வரி தொடங்கினாள். பெயர் சொல்லி, என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லி, சரியா என்று கேட்டு...

"என் பேரு உங்களுக்குத் தெரியாதா தங்கச்சி?" என்றார் ஆறுமுகச்சாமி.

"தெரிஞ்சாலும் கேக்கணும் அண்ணாச்சி. மார்க் உண்டு."

"அப்போ எழுதிக்கோ. ஆறுமுகச்சாமி. இன்னிசியலும் வேணுமா?"

பின்னால் வரிசையில் நின்ற வகுப்புத்தோழன் முகம்மது அப்சல் சிரிப்பை அடக்கிக்கொண்டான். பதினெட்டு வயது. அடுத்த கட்டில் அவனுக்கு.

காய்ச்சல் பார்த்தாள்; தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. நாடி பிடித்தாள், எழுபத்தாறு. எழுதினாள். பேனாவைப் பையில் செருகிக்கொண்டு மறுபடி மணிக்கட்டைப் பிடித்தாள். இனி மூச்சு.

மூச்சை எண்ணுவதில் ஒரு களவு இருக்கிறது. எண்ணுகிறோம் என்று சொல்லிவிட்டால் போச்சு; நோயாளி இழுத்து இழுத்து விடத் தொடங்கிவிடுவார். அதனால் இன்னும் நாடியைத்தான் பார்க்கிறோம் என்பதுபோல விரலை மணிக்கட்டில் வைத்துக்கொண்டு, கண்ணை நெஞ்சின்மேல் வைக்க வேண்டும். முழுசாக ஒரு நிமிடம். பாதி நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் எபினேசர் சாருக்கு மூக்கு வியர்க்கும். எண்ணாமலே இருபது என்று எழுதினாலோ அவர் பரீட்சைத் தாளையே மூடிவிடுவார்.

வாட்ச் முள் பன்னிரண்டைத் தொட்டது. ஒன்று.

ஆறுமுகச்சாமியின் பனியன் மெதுவாக ஏறி இறங்கியது. இரண்டு.

அந்தப் பனியனுக்கு நேர் பின்னால் பேச்சித்தாயின் முந்தானை. அதுவும் ஏறி இறங்கியது. அவருடைய ஒரு ஏற்றத்துக்குள் அது இரண்டு தடவை ஏறியது.

ராஜேஸ்வரியின் கண் அங்கேயே ஒட்டிக்கொண்டது.

படி ஏறி வந்த மூச்சா? இல்லையே, முக்கால் மணி நேரமாக ஸ்டூலைவிட்டு எழுந்தது பாத்ரூமுக்கு மட்டும்தான். அதுவும் மூன்று தடவை. காலடியில் காலியான தண்ணீர் பாட்டில்கள் இரண்டு, மூன்றாவது கையில். வம்பு பேசுகிற வாய் கொஞ்ச நேரமாகப் பேசவே இல்லை. உதடு காய்ந்து வெள்ளையாக இருக்கிறது.

முள் பன்னிரண்டுக்கு வந்ததும் ஒன்றிலிருந்து எண்ணினாள். பதினைந்து. பதினாறு. ஆழமான மூச்சு. அடிவயிற்றிலிருந்து இழுத்து விடுகிற மூச்சு. இருபத்தெட்டு. முப்பது.

முள் மறுபடி பன்னிரண்டுக்கு வந்தது. முப்பத்துநாலு.

"சொல்லுங்க" என்றார் எபினேசர் சார். "பேஷண்ட் ரெஸ்பிரேஷன் எத்தனை?"

ஆறுமுகச்சாமியின் மூச்சை இரண்டுக்கு மேல் ராஜேஸ்வரி எண்ணவே இல்லை.

பக்கத்தில் வந்த அப்சல் உதட்டை அசைக்காமல் முணுமுணுத்தான். "பதினெட்டுன்னு போடுங்கக்கா. எல்லாருக்கும் பதினெட்டுதான்."

பதினெட்டு என்றால் பாஸ். சார் தானும் எண்ணியிருக்கலாம். ஆனால் ஒன்றிரண்டு கூடக்குறைய இருந்தால் விட்டுவிடுவார். எண்ணவில்லை என்றால், இதோ ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவளே சாட்சி. சாயங்காலத்துக்குள் யூனிபார்மைக் கழற்ற வேண்டியதுதான்.

"எண்ணலை சார்."

"என்னது?"

"அண்ணாச்சியோடதை எண்ணலை. ஸ்டூல்ல இருக்கவங்களோடதை எண்ணிட்டேன். முப்பத்துநாலு."

பேச்சித்தாய்தான் முதலில் பேசினாள். பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கியது.

"இங்கேருங்க... எனக்கு ஒண்ணும் இல்லன்னு... சொல்லுங்க. பரீட்சையில கோட்டை விட்டுட்டு... என்மேல சாக்கு சொல்லுதா."

ஆறுமுகச்சாமி இந்த முறை எதையும் கடத்தவில்லை. மனைவியின் முகத்தையே பார்த்தார். மூன்று நாளில் இப்போதுதான் பார்க்கிறார்போல.

ராஜேஸ்வரி கட்டிலைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். குனிந்தாள். பேச்சித்தாயின் வாயிலிருந்து ஒரு வாடை வந்தது. சந்தை கலைகிற நேரத்தில், விற்காமல் குவித்துப் போட்ட கொய்யாப்பழத்திலிருந்து கிளம்புமே, அந்தக் கனிந்து கெட்ட வாடை. போன வாரம் வகுப்பில் இதைப்பற்றிப் படித்தபோது, சுகர் மிஞ்சினால் மூச்சில் எப்படிப் பழவாசனை வரும் என்று அவள் நம்பவில்லை.

"மதினி, வயிறு வலிக்கா?"

ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் நேர்ப் பேச்சு. ராஜேஸ்வரி பிடித்த கையைப் பேச்சித்தாய் இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். இழுக்கத் தெம்பில்லை.

"சார், டாக்டரைக் கூப்பிடணும்."

எபினேசர் சார் பரீட்சைத் தாளைக் கட்டிலில் போட்டுவிட்டு ஏற்கெனவே பாதி வார்டைத் தாண்டியிருந்தார்.

டியூட்டி டாக்டர் வந்தார். சக்கர நாற்காலி வந்தது. விரல்நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மெஷினில் வைத்தார்கள். நானூற்று எழுபத்திரண்டு.

"சுகர் உண்டாம்மா?"

"எங்க வம்சத்துலயே கெடையாது டாக்டர்" என்றாள் பேச்சித்தாய், சொல்லிவிட்டு ராஜேஸ்வரியின் வெள்ளைச் செருப்பின்மேல் வாந்தி எடுத்தாள்.

சக்கர நாற்காலியோடு ராஜேஸ்வரியும் நகர்ந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"ராஜேஸ்வரி. உங்க பேஷண்ட் இங்கன இருக்கார். டெஸ்ட் இன்னும் முடியல."

அவள் திரும்பி வந்தாள். கையை மறுபடி கழுவினாள். ஆறுமுகச்சாமியின் மணிக்கட்டைப் பிடித்தாள். அவர் நெஞ்சை முழுதாக ஒரு நிமிடம் பார்த்தாள்.

"அவளுக்கு ஒண்ணும் ஆவாதுல்லா தங்கச்சி?"

"பேசாதீங்க அண்ணாச்சி. எண்ணுதேன்."

இருபத்திரண்டு. பயந்த மனிதனின் மூச்சு. அதையே எழுதினாள்.

*

கீழ்த்தளத்தில், பெண்கள் வார்டின் கடைசிக் கட்டிலைத் திரை போட்டு மறைத்திருந்தார்கள். ஒரு கையில் சலைன், இன்னொரு குழாயில் துளித்துளியாக இன்சுலின். மணிக்கு ஒரு தடவை சுகர் பார்க்க வேண்டும். உள்ளே போவது எவ்வளவு, வெளியே வருவது எவ்வளவு என்று எழுத வேண்டும். ஸ்டாஃப் நர்ஸ் அதை ராஜேஸ்வரியிடம் ஒப்படைத்தார். "உங்க சொந்தக்காரங்களாமே, நீங்களே பாருங்க."

எனவே நண்பகல் பன்னிரண்டரைக்கு அது நடந்தது. பெட்பேனை எடுத்து, அளவு ஜாடியில் ஊற்றி, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, முந்நூற்றைம்பது மில்லி என்று எழுதினாள் ராஜேஸ்வரி.

பேச்சித்தாய் கூரை மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருந்தாள். மூச்சு கொஞ்சம் தணிந்திருந்தது.

"சொன்னதைச் செஞ்சு காட்டிட்ட" என்றாள்.

மின்விசிறியிடம் சொன்னதுபோல இருந்தாலும், நடுவில் ஆள் வைக்காத பேச்சு. ராஜேஸ்வரி ஜாடியைக் கழுவி வைத்தாள்.

"நான் அன்னைக்குச் சொன்னது தப்பு மதினி."

"தப்புதான்."

"நீங்க சொன்னதும் தப்பு."

பேச்சித்தாய் கண்ணால் கட்டிலுக்கு அடியைக் காட்டி, "அந்தக் கட்டைப்பையை எடு" என்றாள்.

பையில் மாற்றுச் சேலை, சீப்பு, ஆதார் கார்டு வைத்த பிளாஸ்டிக் உறை, அடியில் ஈரத்துணி சுற்றிய ஒரு மருதாணி டப்பா.

"தெற."

மருதாணி இல்லை. இன்சுலின் பேனா ஒன்றும், ஊசி நாலைந்தும் இருந்தன.

"எட்டு மாசமாப் போடுதேன். பாளையங்கோட்டையில டாக்டர் எழுதிக் குடுத்தாரு. உங்க அண்ணாச்சிக்கே தெரியாது. மருதாணி டப்பாவை ஃப்ரிட்ஜுல எவன் தெறந்து பாக்கப் போறான்?"

"எதுக்கு மதினி இப்படி ஒளிச்சி..."

"எங்க மக செல்விக்குக் கல்யாணம் பேசி முடிக்கப் போறோம்லா. மாப்பிள்ளை மகாராஜா வீட்டுல முதல்ல கேட்ட கேள்வியே, வம்சத்துல ஏதும் சீக்கு உண்டான்னுதான். இல்லன்னு சொல்லிட்டேன். சொல்லிட்டு எப்படி மாத்த?" தண்ணீர் கேட்டு ஒரு வாய் குடித்தாள். "அதுக்குள்ள நீ ஒரு வார்த்தை விட்ட. நான் ஊசி போடுதது தெரிஞ்சா, ராஜி சொன்னது பலிச்சிட்டுன்னு ஊர் சிரிக்கும்லா?"

"சரி, இந்த மூணு நாளா?"

"போடல."

"ஆஸ்பத்திரிக்குள்ள இருந்துக்கிட்டா?"

"எங்க திரும்புனாலும் உங்க ஆளுகதான் நிக்கீங்க. பாத்ரூமுக்குள்ள போனா வாசல்ல ஒருத்தி நிக்கா. ஊசியை எடுத்தா உன் கண்ணுல பட்டுரும்னு விட்டுட்டேன்."

ராஜேஸ்வரிக்குச் சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. நூறு நர்ஸ்கள் இருக்கிற கட்டடத்தில், ஒரு நர்ஸுக்குப் பயந்து ஊசி போடாமல் இருந்திருக்கிறாள். அந்த ஒரு நர்ஸும் இன்னும் நர்ஸ்கூட இல்லை.

"டாக்டர்கிட்ட இந்தப் பேனாவைக் காட்டியே ஆகணும் மதினி. மறைக்க முடியாது."

"அவருகிட்ட காட்டு. வேற யாருகிட்டயும் சொல்லாத. உங்க அண்ணாச்சிகிட்ட நானே சொல்லிக்கிடுதேன். வேல்ராஜுகிட்டயும் சொல்லாத. அவன் வாய் பஸ் ஹாரன் மாதிரி."

*

ஹாரன் ஒன்றேகாலுக்கு வந்தது. திருவேங்கடம் டிரிப்பை முடித்து, மினி பஸ்ஸை ஸ்டாண்டில் விட்டுவிட்டு, காக்கிச் சட்டையோடு ஓடிவந்திருந்தான் வேல்ராஜ். கையில் பரோட்டாப் பொட்டலம்.

"அக்காவுக்கு என்ன?"

"இப்போ நல்லா இருக்காங்க. ராத்திரி இங்கனதான் இருக்கணும். நீங்க உள்ள போய்ப் பாருங்க."

"அது சரி, என்ன சீக்கு?"

"அவங்ககிட்டயே கேளுங்க."

"ஏட்டி, நான் உன் புருசன். எனக்கே சொல்ல மாட்டியா?"

"யூனிபார்ம் போட்டிருக்கேன்லா. பேஷண்ட் சொல்லச் சொன்னா சொல்லுதேன்."

வேல்ராஜ் அவளை ஏற இறங்கப் பார்த்தான். கோபப்படலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டவன்போல் தலையைச் சொறிந்தான். "டெஸ்ட் என்னாச்சு?"

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை. பொட்டலத்தைப் பிரிக்கக்கூட மனமில்லாமல் நின்றாள். எபினேசர் சார் மாடிப்படியில் இறங்கி வந்தார். தாளை நீட்டினார்.

ஐம்பதுக்கு இருபத்தாறு. இருபத்தைந்து எடுத்தால் பாஸ்.

"பேஷண்டை விட்டு கண்ணை எடுத்தீங்க, அதுக்குக் கழிச்சேன். நேரம் தாண்டுனீங்க, அதுக்கும் கழிச்சேன்" என்றார். "எண்ணாததை எழுதாம விட்டீங்க. அதுல கழிக்க எனக்கு மனசு வரல அக்கா." இந்த முறை அவர் திருத்திக்கொள்ளவில்லை.

அவர் போனதும் வேல்ராஜ் கேட்டான். "எவ்வளவு?"

"இருபத்தாறு."

"எத்தனைக்கு?"

"பரோட்டா ஆறுது. சாப்பிடுங்க."

*

சாயங்காலம் ஐந்து மணி பார்வையாளர் நேரம். ராஜேஸ்வரியின் டியூட்டி முடிந்து அரைமணி ஆகியும் அவள் போகவில்லை. ஐந்து மணிச் சுகர் இருநூற்றுப் பத்து. மூச்சு இருபத்துநாலு. எழுதிவிட்டு நிமிர்ந்தபோது, வார்டு வாசலில் பட்டுக்கரைச் சேலையும் ஆரஞ்சுப் பழப் பையுமாக ஒரு பெண்மணி நின்றார்.

மாப்பிள்ளை மகாராஜாவின் அம்மா.

"மேல போய் அண்ணாச்சியைப் பார்த்தேன். சம்பந்தி கீழ படுத்திருக்காங்கன்னு சொன்னாரு. மயக்கமாம்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க செல்விக்கு அத்தையில்லா? நர்ஸ் வேற. உங்களுக்குத் தெரியாம இருக்குமா? சம்பந்திக்கு என்ன?"

ஒன்றுமில்லை, வெறும் களைப்பு என்று சொல்லிவிட்டால் முடிந்தது. எண்ணாமலே இருபது என்று எழுதுகிற மாதிரிதான். சுலபம்.

"எனக்குத் தெரியும்மா. ஆனா அதை நான் சொல்லக் கூடாது."

"அப்போ ஏதோ இருக்கு."

சொல்லாமல் இருப்பதே ஒரு பதிலாகிவிடுகிறதே என்று ராஜேஸ்வரிக்கு இப்போதுதான் உறைத்தது. ஒரு கல்யாணம் இவளுடைய வாயில் வந்து மாட்டிக்கொண்டிருக்கிறது. அந்தம்மா ஆரஞ்சுப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். திரும்பிப் போய்விடப்போகிறார்போல வாசலைப் பார்த்தார்.

"ராஜி."

திரைக்குப் பின்னாலிருந்து வந்த குரல். நர்சம்மா இல்லை. ராஜி.

"அவங்களை உள்ள வரச் சொல்லு. அந்த மருதாணி டப்பாவையும் எடுத்துட்டு வா."

டாக்டர் பார்த்த பிறகு ஸ்டாஃப் நர்ஸின் ஃப்ரிட்ஜில் வைத்திருந்த டப்பாவை எடுத்தபோது அது கையில் சில்லென்றிருந்தது. ராஜேஸ்வரி திரையை விலக்கினாள். பேச்சித்தாய் தலையணையில் சாய்ந்து, தலையை ஒதுக்கி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். பழக்கம் அதற்குள் ஒட்டிக்கொண்டுவிட்டது. ராஜேஸ்வரியின் கண் முதலில் அவள் நெஞ்சுக்குத்தான் போனது. சீராக ஏறி இறங்கியது.

"உக்காருங்க சம்பந்தி" என்றாள் பேச்சித்தாய். "உங்ககிட்ட ஒரு பொய் சொல்லியிருந்தேன்."

டப்பாவை அவளே வாங்கித் திறந்து, இருவருக்கும் நடுவே போர்வையின்மேல் வைத்தாள்.

மகாராஜாவின் அம்மா குனிந்து பார்த்தார். ராஜேஸ்வரி அவர் மூச்சையும் கவனித்தாள். அது பாதியில் நின்றது.